நாகராஜ் பண்ணிடாதே

நான் வேலை பார்த்த டயர் கம்பெனிக்கு ஆண்டு விழா வருகிறது. பந்தய வண்டிகளுக்கு டயர் கொடுத்த வரலாற்றைச் சொல்ல ஒரு கண்காட்சிக் கூடம் கட்டியிருக்கிறார்கள். விழா மலர் ஒன்றும் போடுகிறார்களாம். அதற்கு "இனிமையான நினைவுகள்" எழுதித் தரவேண்டும் என்று ஷர்மிளா போனில் கேட்டாள். அங்கே தரப் பிரிவில் இன்ஜினியர். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்து சேர்ந்த பெண். அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அந்த "இனிமையான" என்ற சொல்தான் தொண்டையில் மாட்டிக்கொண்டது.

என் மனைவி பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "நீங்க எழுதினா அது மலர்ல வராது, கேஸ்லதான் வரும். பேசாம இருங்க" என்றாள். என் சுபாவம் அவளுக்குத் தெரியும். ஓசூரில் என்னோடு வேலை பார்த்த எல்லாருக்குமே தெரியும். மாதப்பனிடம் விஷயத்தைச் சொன்னால் கேன்டீன் முழுக்கக் கேட்கும் என்பார்கள். அந்த வாயை வைத்துக்கொண்டு இத்தனை காலம் நான் பேசாமல் இருந்ததே பெரிது என்று நினைத்து, எழுத முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் பழைய புகைப்படங்கள் இரண்டைக் கேட்டார்களே என்று கொடுக்கப் போனேன். போன இடத்தில் பயிற்சிப் பையன்கள் இரண்டு பேர் சக்கரத்தில் டயர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் இன்னொருவனிடம், "டேய், காத்து கேஜ் வெச்சுப் பாரு. நாகராஜ் பண்ணிடாதே" என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"யாரு தம்பி அந்த நாகராஜ்?" என்று கேட்டேன்.

"அது தெரியலீங்க சார். முன்ன யாரோ இருந்தாராம். காத்து பாக்காம ரேஸுக்கு வண்டிய அனுப்பி, ஓட்டறவர விழ வெச்சிட்டாராம். கவனமில்லாம யாராச்சும் வேல செஞ்சா இங்க அப்பிடித்தான் சொல்லுவாங்க."

பையன் கெட்டவன் இல்லை. அவனுக்குச் சொன்னதை அவன் சொன்னான். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எனக்குத் தெரிந்த நாகராஜ், காற்று பார்க்காமல் தன் சைக்கிளைக்கூட எடுத்தவன் இல்லை. அவன் பெயர் இந்தத் தொழிற்சாலையில் ஒரு வசவுச் சொல்லாகிவிட்டிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். இனிமை வேண்டுகிறவர்கள் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளட்டும்.

என் ஆரம்ப காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கிருஷ்ணகிரியில் ஐ.டி.ஐ. முடித்தேன், ஓசூருக்கு வந்தேன். ரப்பர் கலக்கும் இடத்தில் போட்டார்கள். சளி துப்பினாலும் கறுப்பாக வந்தது. பிறகு டயரை அச்சில் வேக வைக்கும் பிரஸ். அங்கே வெயில் காலம், மழைக்காலம் என்ற வித்தியாசமே கிடையாது. சானமாவுக் காட்டுப் பக்கம் யானை ரோட்டுக்கு வந்துவிட்டால் ஷிப்ட் பஸ் நின்றுவிடும். அந்தக் கொஞ்ச நேரம்தான் எங்களுக்கு ஓய்வு. அப்புறம் பந்தயப் பிரிவுக்கு ஆள் வேண்டும் என்றார்கள், கை தூக்கினேன்.

பந்தயப் பிரிவு என்றதும் பளபளப்பாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். குடோனை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. பைக் பந்தயத்தில் ஓடும் ஓரிரு அணிகளுக்கு அங்கேதான் டயர் தயாராகும். விற்பனைக்கு அல்ல, பேருக்காக. நம் டயர் பந்தயத்தில் ஜெயித்தது என்று விளம்பரம் போட்டால் கடையில் ஸ்கூட்டர் டயர் விற்கும் என்பது கணக்கு.

அங்கே மேலதிகாரி சீனிவாசன் சார். மனிதர் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. வாட்ச்மேன் முதல் டைரக்டர் மகன் வரை எல்லாரும் அவருக்கு "ராஜா". நாற்காலி இருக்கும், உட்கார மாட்டார். பேசும்போது கையில் ஒரு ரப்பர் துண்டை வைத்து மடக்கிக்கொண்டும் நீட்டிக்கொண்டும் இருப்பார். முகர்ந்துகூடப் பார்ப்பார். அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: ஓடிய டயர் ஒவ்வொன்றும் திரும்பி வரவேண்டும், வந்ததை வெட்டிப் பார்க்கவேண்டும்.

"ஜெயிச்சு வந்தாலும் சரி, தோத்து வந்தாலும் சரி, மேசைக்கு வந்துதான் தீரணும் ராஜா. வெளிய பாத்தா எல்லா டயரும் நல்ல டயர்தான். உள்ள பாத்தாதான் தெரியும்."

அந்த மேசைதான் என் மேசை. டயரைக் கழுவித் துடைத்து, வால்வு இருந்த இடத்துக்கு நேராக மஞ்சள் கிரேயானில் குறி போடுவேன். உள்வட்டத்துக் கம்பியை ரம்பத்தால் அறுத்து, பிறகு சோப்புத் தண்ணீர் விட்டுக்கொண்டே பூசணிக்காய் கீற்றுப் போடுவது மாதிரி துண்டு துண்டாக வெட்டுவேன். துண்டுகளை ஜன்னல் வெளிச்சத்தில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக வளைத்துப் பார்க்கவேண்டும். டயர் என்பது அடுக்கடுக்காக ஒட்டி வேக வைத்தது. நன்றாக ஒட்டியிருந்தால் துண்டு ஒரே உடம்பாக வளையும். ஒட்டாத இடம் இருந்தால் அங்கே வாயைத் திறக்கும். அந்த வாய்க்குள் விரல் விட்டால் மீதியும் தெரிந்துவிடும். ஓடும்போதே பிரிந்திருந்த இடம் உரசி உரசி மழமழவென்று இருக்கும். சும்மா கிடந்து பழசாகிப் பிரிந்தது என்றால் சொரசொரப்பாக இருக்கும். இது ஒன்றும் ரகசிய வித்தையல்ல. அந்தக் கொட்டகையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். சீனிவாசன் சார்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தார். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நாகராஜ் காண்ட்ராக்ட் ஆள். பந்தயம் நடக்கும் இடத்துக்குப் போய் டயர் மாட்டுவது அவன் வேலை. அஞ்செட்டிப் பக்கம் நாட்றாம்பாளையத்துக்காரன். வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ், மனசு கலங்கினால் மறுபடியும் கன்னடம். அவன் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் அணிக்காரர்களுக்குப் பொறுமை போய்விடும். சொன்ன அளவைவிடக் கொஞ்சம் அதிகமாகக் காற்று அடிப்பான். டயர் ஆறும்வரை பேசாமல் உட்கார்ந்திருப்பான். பிறகு சொட்டுச் சொட்டாக இறக்கி அளவுக்குக் கொண்டுவருவான். வால்வில் சோப்பு நுரை வைத்து, குமிழி வருகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்ப்பான். மூடி போட்டு, டயரின் பக்கவாட்டிலேயே கிரேயானால் அளவை எழுதுவான். வண்டி தடத்துக்குப் போகும் முன்னால் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, "கேஜ நீயே புடிச்சுப் பாரண்ணா" என்பான். இரண்டு பேர் கண்ணால் பார்க்காமல் ஒரு வண்டியை அவன் விட்டதில்லை.

ஒரு பந்தயத்தில் நாங்கள் ஜெயித்தோம். வெளிநாட்டு டயர் போட்ட வண்டிகளுக்கு முன்னால் எங்கள் டயர் போட்ட வண்டி வந்தது. தொழிற்சாலையில் எல்லாருக்கும் லட்டு. முன் டயர் வழக்கம்போல் என் மேசைக்கு வந்தது, வெட்டினேன், சுத்தமாக இருந்தது. பின் டயரைக் காணோம். தேடிக்கொண்டு போனால், வரவேற்பறையில் மேசை மேல் ஏற்றி, சந்தனம் குங்குமம் வைத்து, பெரிய ரோஜா மாலை போட்டிருக்கிறார்கள். டைரக்டர்கள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

சீனிவாசன் சாரிடம் போய், "சார், பின் டயர் மேசைக்கு வரலீங்க" என்றேன்.

"அது ஒண்ணு மட்டும் இருக்கட்டும் ராஜா. கண்ணாடிப் பெட்டி செய்யச் சொல்லிட்டாங்க."

"நீங்கதான சார் சொன்னீங்க, ஜெயிச்சாலும் வெட்டணும்னு?"

"சொன்னன். மாலை போட்டுட்டாங்களே ராஜா. மாலை போட்டத எப்பிடி வெட்றது?"

அபசகுனமாம். சாமி மாதிரி வைத்ததை அறுப்பார்களா என்று டைரக்டர் வீட்டு அம்மா கேட்டார்களாம். அடுத்த ஆயுத பூஜைக்கு ஸ்டோர் ரூம் எடைக்கல்லுக்கும் எங்கள் ரம்பத்துக்கும் வைத்த மாதிரி அதற்கும் பொட்டு வைத்தார்கள். வருஷா வருஷம் வைத்தார்கள். ஒரு டயரை உள்ளே பார்க்காமல் கும்பிட்ட ஒரே தொழிற்சாலை எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அடுத்த பந்தயத்துக்கு, அந்தப் பின் டயரோடு சேர்ந்து ஒரே கலவையில், ஒரே ஷிப்டில் வெந்த மற்ற டயர்கள் போயின. அந்த ஷிப்டு எனக்கு நினைவிருக்கிறது. பந்தயத் தேதி நெருங்குகிறது, சீக்கிரம் சீக்கிரம் என்று விரட்டினார்கள். அடுக்குக்கு அடுக்கு தடவும் ரப்பர் பசை காயவேண்டும். காயவிட்டார்களா என்பது என் சந்தேகம். சந்தேகம்தான். வெட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஓட்டியவன் கிளமென்ட், சேலத்துப் பையன், துடிப்பானவன். நேர்த் தடத்தில், முழு வேகத்தில் போகும்போது பின் டயரின் மேல்தோல் உரிந்து செயினில் சுற்றிக்கொண்டது. வண்டி அவனைத் தூக்கி எறிந்தது. உயிர் பிழைத்தான். தொடை எலும்பு நொறுங்கிப்போனது. அதற்குப் பிறகு அவன் வண்டி ஓட்டவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவன் அம்மா நாகராஜின் சட்டையில் கம்பெனிப் பெயரைப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்: "உனக்கு ஒரு காத்து அடிக்கக்கூடத் தெரியாதாப்பா?" அதற்குள் யாரோ அந்தத் தாயின் காதில் ஓதியிருந்தார்கள். பெற்றவள் அழும்போது நாகராஜ் என்ன சொல்லுவான்?

உரிந்த டயர் என் மேசைக்கு வந்தது. விளிம்பு தரையில் தேய்ந்து, அவன் கிரேயானில் எழுதிய இடம் உட்பட எல்லாம் அரைபட்டுக் கூழாகக் கிடந்தது. அதில் படிக்க ஒன்றுமில்லை. "சார், கண்ணாடிப் பெட்டியில இருக்கிறத வெட்டுங்க. ஒரே கூட்டத்துல பொறந்தது. இதுல இருந்தா அதுலயும் இருக்கும்" என்றேன்.

சீனிவாசன் சார் கையிலிருந்த ரப்பர் துண்டை மடக்கினார், நீட்டினார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அதுல என்ன இருந்தாலும் இப்ப நமக்கு நல்லதில்ல ராஜா."

இந்த வாக்கியத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். வெட்டினால் தெரிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் வெட்டவில்லை. அப்புறம் அவர் கையெழுத்திட்ட அறிக்கை வந்தது: காற்றழுத்தம் குறைவு, பொருத்தியவரின் கவனக்குறைவு. கேஜைத் தன் கையால் பிடித்துப் பார்த்த அணி மெக்கானிக்கைக் கேட்டதற்கு, ஞாபகமில்லை என்றான். கம்பெனியோடு பகைத்துக்கொண்டால் அவனுக்கு டயர் வராதே.

காண்ட்ராக்ட் ஆளை வேலையை விட்டு நீக்க ஒரு நடவடிக்கையும் தேவையில்லை. மறுநாள் கேட்டில் பாஸை வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். நான் கேட்டுக்கு ஓடினேன். "வாடா, உள்ள போயி கேக்கலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். "பிடண்ணா, பிடு" என்றான். விடு என்று அர்த்தம். கன்னடம் வந்துவிட்டதே என்று எனக்கு அழுகை வந்தது.

அவன் விட்டான், நான் விடவில்லை. கேன்டீனில் சாப்பாட்டு நேரத்தில், இருநூறு காது கேட்க, சீனிவாசன் சாரை நிற்க வைத்துக் கேட்டேன். "ஒரு டயர வெட்டறதுக்குப் பயந்து ஒரு மனுசன வெட்டிட்டீங்களே சார், இது நியாயமா?" அவர் தட்டை வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். என்னை ஸ்கூட்டர் டயர் பரிசோதனைக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். அவருக்குப் பதவி உயர்வு கிடைத்து பெங்களூர் ஆபீசுக்குப் போனார். பந்தயப் பிரிவுக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். கண்ணாடிப் பெட்டி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

இத்தனையும் ஆறிப்போனது என்றுதான் நினைத்திருந்தேன், அந்தப் பயிற்சிப் பையன் சிரிக்கும்வரை. அந்த வாரமே அஞ்செட்டி பஸ் பிடித்து நாட்றாம்பாளையம் போனேன். நாகராஜ் ராகிக் கொல்லையில் காட்டுப்பன்றிக்கு வேலி கட்டிக்கொண்டிருந்தான். தலை நரைத்துவிட்டது. விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று நான் தடுமாறுவதைப் பார்த்து அவனே சொன்னான்.

"தெரியும்ணா. எந்தங்கச்சி பையன் உங்க கம்பெனிலதான் ட்ரெய்னிங் போறான். போன பொங்கலுக்கு அவங்க வீட்டுக்குப் போயிருந்தன். தங்கச்சி குக்கர் மூடறா. பையன் சொல்றான், 'சரியா மூடும்மா, நாகராஜ் பண்ணிடாதே'ன்னு. நான் எதிர்ல உக்காந்து சாப்டுகினு இருக்கறன்."

"அவனுக்குத் தெரியாதாடா?"

"எப்பிடித் தெரியும்? வேலய நானா விட்டு வந்தன்னுதான் வீட்ல சொல்லி வெச்சிருக்கறன். மாமன் பேரும் அதே பேரா இருக்குதுன்னு அவனே சிரிச்சான். நானும் சிரிச்சன்ணா. வேற என்ன பண்றது?"

வேலை போனால் இன்னொரு வேலை. ஆனால் பெற்றவர்கள் வைத்த பெயரை, சொந்த மருமகன் வாயிலேயே கேலியாகக் கேட்டுக்கொண்டு ஒருவன் சோறு தின்னவேண்டும் என்றால் அது எந்த ஊர் நியாயம்?

ஷர்மிளாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கூடத்துல வீடியோ எடுக்கற அன்னிக்குப் பழைய ஆளுங்களக் கூப்பிட்டிருக்கோம். அவரையும் கூட்டிட்டு வாங்கண்ணா. பாஸ் நான் போடறேன்" என்றாள். நாகராஜ் முதலில் மாட்டேன் என்றான். பிறகு என்ன நினைத்தானோ, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நின்றான்.

கூடம் குளுகுளுவென்று இருந்தது. சுவரில் படங்கள், எழுத்துகள். ஒரு பலகையில் "சிறு தவறு தந்த பெரும் பாடம்" என்று தலைப்பு. பொருத்தியவரின் கவனக்குறைவால் நடந்த விபத்துக்குப் பின் கம்பெனி எப்படிப்பட்ட கறாரான காற்றுப் பரிசோதனையைக் கொண்டுவந்தது என்று பெருமையடித்திருந்தார்கள். அது நாகராஜ் செய்துகொண்டிருந்த அதே பரிசோதனை! நுரை வைப்பது, இரண்டு பேர் பார்ப்பது, டயரிலேயே எழுதுவது, எல்லாம். அவனை விரட்டிவிட்டு, அவன் வேலை முறையைத் திருடி, அவனுக்கே பாடம் என்று எழுதி மாட்டியிருக்கிறார்கள். நாகராஜ் எழுத்துக் கூட்டிப் படித்தான்.

நடுவில், முன்பு மாலை போட்டிருந்த அந்தப் பின் டயர். வீடியோவுக்காகக் கண்ணாடிப் பெட்டியை விட்டு வெளியே எடுத்திருந்தார்கள். இத்தனை வருஷத்தில் காற்று இறங்கிச் சப்பையாகத் தொங்கியது. விளம்பரப் பிரிவு அதிகாரி ஒருவர், வாசனையான மனிதர், "இப்படிச் சப்பையா இருந்தா கேமராவுல நல்லா இருக்காது. காத்து அடிங்க" என்றார். அடிக்க வந்தது யார் என்றால், அன்றைக்குச் சிரித்த அதே பையன். பந்தயத்தன்று வைத்த அளவு பெட்டி அட்டையிலேயே போட்டிருந்தது. அந்த அளவுக்கு அடித்தான்.

டயர் நிமிர்ந்தது. நிமிர்ந்துகொண்டே வரும்போது பக்கவாட்டுக்கு மேலே, தோள்பட்டையில் ஓரிடம் லேசாக மேடாயிற்று. பிறகு எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உப்பிக்கொண்டு எழும்பியது. உள்ளே அடுக்கு விட்டுப்போன இடம். அந்தக் கூடத்தில் டயர் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் பார்த்தோம்.

அதிகாரிதான் முதலில் பேசினார். "பழைய ரப்பர், வயசாயிடுச்சு. பரவாயில்ல, அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைங்க."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து நாகராஜ் முன்னால் வந்தான். அந்தப் பையனைப் பார்த்து, மெதுவாகத்தான் கேட்டான்.

"தம்பி, காத்து எவ்ளோ இருக்குது?"

பையன் அதிகாரியைப் பார்த்தான். ஷர்மிளாவைப் பார்த்தான். "வெச்சுப் பாரு" என்றாள் அவள். கேஜ் வைத்தான்.

"சரியா இருக்குதுங்க."

"இன்னொருத்தரயும் பாக்கச் சொல்லு."

ஷர்மிளா குனிந்து தானே கேஜைப் பிடித்துப் பார்த்தாள். "சரியா இருக்குதுண்ணா. கொறவு இல்ல" என்றாள். பிறகு ஆபத்து என்று பையனிடம் காற்றை இறக்கச் சொன்னாள்.

பையன் வால்வை அழுத்திக்கொண்டே நிமிர்ந்தான். "நீங்க இங்க வேல செஞ்சீங்களாண்ணா? உங்க பேரு?"

"நாகராஜ்."

அவன் கை வால்விலேயே இருந்தது. காற்று முழுக்க இறங்கும்வரை அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அந்தப் பையன் அன்றைக்கு எங்களோடு கேட் வரை வந்தான். நாகராஜின் பையை வாங்கிச் சுமந்துகொண்டு வந்தான். அவனுக்கு இருந்த வெட்கத்தில் பாதி பெரியவர்களுக்கு இருந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். டயரை வெட்டவேண்டும் என்று ஷர்மிளா கேட்டிருக்கிறாள். விழா முடியட்டும் என்று பதில் வந்திருக்கிறது. டயர் மறுபடியும் பெட்டிக்குள் போய்விட்டது, உப்பிய பக்கம் சுவரைப் பார்த்தபடி. பலகையும் தொங்குகிறது.

வயசாகித்தான் பிரிந்தது என்றால் உள்ளே சொரசொரப்பாக இருக்கும். எல்லார் முன்னாலும் நான் வாயைப் பொத்திக்கொள்கிறேன். மழமழவென்று இருந்தால் அந்தப் பலகையைக் கழற்றி, கிளமென்ட்டின் அம்மா வீட்டுக்கு யாராவது போய்ச் சொல்லட்டும். நாகராஜுக்கு அது போதும். என் பழைய மேசை அங்கேதான் கிடக்கிறது, ரம்பமும் இருக்கிறது. மாலை காய்ந்து உதிர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இனியாவது வெட்டுங்கள்.